மயக்கத்தில் எழுதியதா, மயக்கத்தை எழுதியதா?

பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் அபின் மயக்கத்தில் சிம்ஃபொனி (ஆர்கெஸ்ட்ராவுக்கான நீண்ட இசை) எழுதினாராமே, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னருக்கு அரைத்தூக்கத்தில் இசை வந்ததாமே, பெரிய ஆர்கெஸ்ட்ரா இசைக்கு இப்படி ஏதாவது ஒரு நிலை தேவையா, வாசிக்கிறவர்களுக்கும் மேடையில் அப்படி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறீர்கள்: நீங்களும் கணினியில் ஸ்ட்ரிங்ஸ் (வயலின், செல்லோ போன்ற தந்தி வாத்தியங்களுக்கான இசை) எழுதிப் பழகுகிறீர்கள், கஞ்சா அடித்தால் காது திறக்கும் என்கிறார் ஒரு நண்பர். ஆகவே நீங்கள் கேட்பது வரலாறு இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நிதானத்தில் வராதது நிதானம் தப்பினால் வருமா, அதுதானே கேள்வி?

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் வயலின்காரன். சென்னையில் கற்றுக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு வருடம் ஸ்டூடியோ கால்ஷீட்களில் ஸ்ட்ரிங்ஸ் வரிசையில் உட்கார்ந்தேன். பிறகு பிழைப்புக்காக வெளிநாடு வந்து, இங்கே ஒரு ஊர் ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலினில் பதினைந்து வருடத்துக்கு மேலாக வாசிக்கிறேன். அவ்வப்போது மற்றவர்களுக்கு அரேஞ்ச்மென்ட் எழுதித் தருவேன். மருத்துவன் இல்லை. மருந்து, மாத்திரை பற்றிக் கீழே சொல்வதை ஒரு வாத்தியக்காரன் பார்த்ததும் படித்ததும் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெர்லியோஸிலிருந்தே தொடங்கலாம், இந்தக் கதைகளுக்கெல்லாம் மூலவர் அவர்தான். 1830 டிசம்பர் 5 அன்று பாரிஸ் கன்செர்வத்வார் என்ற இசைப்பள்ளியில் ஃபான்டாஸ்டிக் சிம்ஃபொனி முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது அவருக்கு 27 வயது முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. இசைக்கு ஒரு கதைச்சுருக்கமும் அவரே எழுதியிருந்தார். காதலில் தவிக்கும் ஓர் இளம் கலைஞன் சாவதற்காக அபின் தின்கிறான். அளவு போதாததால் சாகவில்லை, கோரமான கனவுதான் வருகிறது. காதலியைக் கொன்றுவிட்டதாகவும், அதற்காகத் தன்னைத் தலைவெட்ட இழுத்துப்போவதாகவும், கடைசியில் தன் சவ அடக்கத்துக்குச் சூனியக்காரிகள் கூடிக் கூத்தாடுவதாகவும் காண்கிறான். இதைப் படித்தவர்கள், எழுதியவனும் அபின் தின்றுவிட்டுத்தான் எழுதியிருப்பான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அபின் அவருக்குத் தெரியாத பொருள் இல்லை. அப்பா டாக்டர், பெர்லியோஸே 1821-ல் பாரிஸுக்கு வந்தது மருத்துவம் படிக்கத்தான், பின்னாளில் வயிற்றுவலிக்கு லாடனம் (சாராயத்தில் கரைத்த அபின்) குடித்தவர். ஆனால் இந்த சிம்ஃபொனியை மயக்கத்தில் எழுதினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதற்கு எதிரான சான்றோ அந்த இசைக்குள்ளேயே இருக்கிறது.

கொலைமேடை ஊர்வலம் என்கிற நான்காம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அபின் கனவின் உச்சம் அது. அதை ஒரே இரவில் எழுதியதாகத் தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார் பெர்லியோஸ். கேட்டால் ஆவேசம் வந்து எழுதியது போலத் தோன்றும். உண்மை என்னவென்றால், அந்த ஊர்வலம் சில வருடங்களுக்கு முன் அவர் எழுதி மேடையேறாமல் போன ஓர் ஆபராவில் (பாடி நடிக்கும் இசை நாடகம்) காவலர்கள் அணிவகுத்து வருவதற்காகப் போட்ட இசை. அதை அப்படியே எடுத்து, முடிவில் கத்தி விழுவதற்கு ஒரு நொடி முன்பு காதலியின் மெட்டை கிளாரினெட்டில் நாலே பாருக்கு (பார் என்பது தாளக் கணக்கில் ஒரு சுற்று) ஒட்டவைத்தார். ஒரு ராத்திரி போதாதா என்ன? அந்தக் காதலி மெட்டும் புதிதில்லை. 1828-ல் ஒரு போட்டிக்கு எழுதிய கன்டாட்டாவில் (ஆர்கெஸ்ட்ராவோடு பாடும் பாட்டுக்கோவை) ஏற்கனவே வந்தது. வயல்வெளிக் காட்சி என்ற மூன்றாம் பகுதியின் முக்கிய மெட்டு, அவர் இருபது வயதில் தேவாலயத்துக்காக எழுதிய ஒரு பூசை இசையிலிருந்து வந்தது. அந்தப் பூசை இசை தொலைந்துபோனது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஆன்ட்வெர்ப் நகரத்து தேவாலயம் ஒன்றில் பிரதி கிடைத்த பிறகுதான் இந்தக் குட்டு வெளிப்பட்டது. ஆக, ஐந்து பகுதி மயக்கத்துக்குப் பெட்டியிலிருந்த பழைய சரக்கு நிறையவே கைகொடுத்திருக்கிறது.

இன்னொரு விஷயம். முதலில் எழுதிய கதைச்சுருக்கத்தில் கலைஞன் அபின் தின்பது நான்காம் பகுதிக்குச் சற்று முன்புதான். 1855-ல் வெளிவந்த திருத்திய சுருக்கத்தில்தான் முதல் சுரத்திலிருந்தே எல்லாம் அபின் கனவு என்று மாற்றினார். இசையைத் தொடாமலே மயக்கத்தை முன்னும் பின்னும் நகர்த்த முடிந்திருக்கிறது பாருங்கள்!

இதை வாசித்தவன் என்ற முறையில் இன்னும் கிட்டத்தில் காட்டுகிறேன். மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் மேடையில் ஒரு கோர் ஆங்கிலே (தணிந்த குரலுள்ள ஊதுகுழல்) இடையன் குழல் போலக் கூப்பிடும். அரங்குக்கு வெளியிலிருந்து அதே குடும்பத்து ஓபோ ஒன்று பதில் சொல்லும். பகுதியின் முடிவில் அதே கோர் ஆங்கிலே மறுபடி கூப்பிடும், பதில் வராது. பதிலுக்குத் தூரத்தில் இடி உறுமும். அந்த இடிக்கு டிம்பனி என்ற பெரிய முரசுகளில் நான்கு பேரை உட்காரவைக்கிறார் பெர்லியோஸ். ஆளுக்கொரு சுதியில் மெல்ல உருட்டும்போது நான்கும் சேர்ந்து ஒரு கார்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கட்டு) ஆகிறது. ஒத்திகையில் அந்த நான்கு பேர் முகத்தையும் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கு சரிபார்க்கிறவர்கள் மாதிரி இருப்பார்கள். கடைசிப் பகுதியில் வில்லைத் திருப்பிக் கட்டையால் தந்தியைத் தட்டச் சொல்லியிருக்கிறார், எலும்புகள் கிடுகிடுப்பது போலக் கேட்கும். அதற்காகவே எங்களில் பலர் ஒரு மட்டமான வில்லைத் தனியாகக் கொண்டுபோவோம். நல்ல வில்லின் கட்டை யாருக்கு வலிக்காது? கேட்கிறவருக்கு அது நரகம், எங்களுக்கு எந்த பாரில் வில்லைத் திருப்ப வேண்டும் என்பதுதான் கவலை. அந்தக் கவலையை எங்களுக்காக முன்கூட்டியே பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட வரிகளில் ஒன்றுவிடாமல் எழுதிவைத்தவர் அவர். பாட்டு ஒன்று வாயில் வந்துவிடலாம். ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர் (எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து எழுதிய தாள்) அப்படி வராது, வருவதெல்லாம் விதைதான்.

விதை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கு உயிர் இருக்கிறது. வாக்னர் 1853 செப்டம்பரில் இத்தாலியின் லா ஸ்பெட்ஸியாவில் உடம்பு முடியாமல் ஒரு சோபாவில் கிடந்தபோது, வேகமாக ஓடும் தண்ணீரில் அமிழ்வது போலிருந்தது, அந்த ஓட்டம் ஈ ஃப்ளாட் மேஜர் கார்டாக ஒலித்தது, அதுதான் ரைன்கோல்ட் ஆபராவின் தொடக்கம் என்கிறார். அந்தத் தொடக்கம் 136 பார் நீளத்துக்கு ஒரே கார்டில் நகர்வது உண்மை. சோபாக் கதையைச் சொன்னது பல வருடம் கழித்து, தன் வரலாற்றில். ஆரம்ப வரைவுகளைப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் சிலர் அதை அவ்வளவாக நம்புவதில்லை. வாக்னர் தன்னைப் பற்றிச் சொன்ன எதையும் உப்பு, புளி பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் விஷயம் வேறு. அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1854 பிப்ரவரியில் அவருக்குக் காதில் ஒலிகள் கேட்கத் தொடங்கின. ஒரு ராத்திரி எழுந்து, தேவதைகள் சொன்னதாக ஒரு மெட்டை எழுதிவைத்தார். அந்த மாதக் கடைசியில் ரைன் ஆற்றில் குதித்தார், காப்பாற்றினார்கள், மனநல விடுதியில் இரண்டு வருடம் இருந்து 1856-ல் இறந்தார். தேவதைகள் சொன்ன அந்த மெட்டை இன்று நாம் பார்க்கலாம். சில மாதங்களுக்கு முன், 1853 இலையுதிர் காலத்தில் அவரே எழுதிய வயலின் கன்செர்ட்டோவின் (ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு வயலின் தனித்து வாசிக்கும் இசை) மெதுவான பகுதியில் வரும் மெட்டின் சாயல்தான் அது. தன் சொத்தையே யாரோ கொண்டுவந்து கொடுத்ததாக அந்த மனசுக்குப் பட்டிருக்கிறது. நான் அறிந்த சான்றுகளிலேயே இதற்குத்தான் அதிக எடை கொடுப்பேன். நிலை மாறும்போது உள்ளே இருப்பது வேறு வழியாக வெளியே வருகிறது, இல்லாதது வருவதில்லை. அவர் பட்ட வேதனையை யாரும் ஒரு வழிமுறையாக எண்ணிவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினாஃப் கதை கொஞ்சம் நம்பிக்கை தரும். 1897-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அவருடைய முதல் சிம்ஃபொனி மண்ணைக் கவ்வியது. ஆர்கெஸ்ட்ராவை நடத்திய கிளாசுனோவ் குடித்திருந்தார் என்பது பின்னாளில் கிளம்பிய பேச்சு, நிரூபணமில்லை. ஒத்திகை போதவில்லை என்பதை மறுப்பவர்கள் இல்லை. அதன் பிறகு மூன்று வருடம் பெரிதாக எதுவும் எழுத வரவில்லை. 1900-ல் நிகோலாய் டால் என்ற மாஸ்கோ டாக்டரிடம் நாலு மாதம் போல ஹிப்னாடிச சிகிச்சைக்குப் போனார். அடுத்த வருடம் இரண்டாம் பியானோ கன்செர்ட்டோ முழுதாக அரங்கேறியது. அதை டாலுக்கே சமர்ப்பணம் செய்தார். இவ்வளவும் உறுதி. நாற்காலியில் அரைத்தூக்கத்தில் கிடந்தவர் காதில் டாக்டர் ‘நீ எழுதுவாய், நன்றாக எழுதுவாய்’ என்ற தொனியில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது முப்பது வருடம் கழித்து அச்சேறிய நினைவு. ஹிப்னாடிசம் வேலை செய்ததா, இசை தெரிந்த ஒரு நல்ல மனிதரோடு தினமும் பேச வாய்த்ததுதான் வேலை செய்ததா என்று இன்று யாராலும் பிரிக்க முடியாது. என் ஊகத்தைக் கேட்டால், டால் எந்த மெட்டையும் உள்ளே வைக்கவில்லை. கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்த பயத்தைக் கொஞ்சம் நகர்த்திவைத்தார்.

என் வாதத்துக்கு இடிக்கிற ஆளையும் சொல்லிவிட வேண்டும்: ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ். நன்றாகக் குடித்தவர். 1923-ல் ஸ்வீடனின் கோதன்பர்கில் போதையில் மேடையேறி, நடுவில் ஒத்திகை என்று நினைத்து ஆர்கெஸ்ட்ராவை நிறுத்திவிட்டார் என்று மனைவி அய்னோ பின்னாளில் சொன்னார். அதே காலத்தில்தான், 1924 மார்ச்சில், ஏழாம் சிம்ஃபொனியை முடித்தார். ஒரே பகுதியாக 22 நிமிடம் ஓடும் அதைவிடக் கட்டுக்கோப்பான சிம்ஃபொனியை நான் வாசித்ததில்லை. குடியும் மேதைமையும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவருக்குக் கைநடுக்கம் இருந்தது. சிலவகை நடுக்கத்தைச் சாராயம் சற்று நேரம் அடக்கும் என்பது மருத்துவர்களே ஒப்புக்கொள்வது. பேனா பிடிக்கக் குடித்தாரா, இசை வரக் குடித்தாரா என்ற கேள்வி அங்கே எழுகிறது. அந்த சிம்ஃபொனிக்கான குறிப்புகள் பல வருடம் நோட்டுப்புத்தகங்களில் உருண்டு திரண்டவை. எட்டாவது சிம்ஃபொனி வரவே இல்லை. எழுதியதை 1940-களில் வீட்டு அடுப்பில் எரித்துவிட்டார்.

உங்கள் நண்பர் சொல்வதற்கு வருகிறேன். காது திறப்பது போலிருக்கும் என்பது பொய்யில்லை. ஒரே ஒலிக்குள் நெடுநேரம் தங்க முடிவதாக அனுபவித்தவர்கள் சொல்கிறார்கள். நேரம் நீண்டுபோவதாக உணர்வதைப் பரிசோதனைகளிலும் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. ஆர்கெஸ்ட்ரா எழுதுவது என்பது நேரத்தைக் கணக்குப் பண்ணுவது. சென்னையில் என்னோடு வாசித்த ஒருவர் இப்படி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஸ்ட்ரிங்ஸ் எழுதிக் கொண்டுவந்தார். செல்லோவுக்கு ஒரே சுரத்தை எட்டு பார் இழுத்துவைத்திருந்தார். காலை கால்ஷீட்டில் வாசித்தோம். நாலாவது பாரிலேயே அவர் முகம் சுருங்கிவிட்டது. ‘ராத்திரி இது இவ்வளவு நீளமா இல்லையே’ என்றார். அந்த எட்டு பாருக்குள் ராத்திரி அவருக்குக் கேட்ட சின்னச் சின்ன அசைவுகள் எதையும் தாளில் எழுதியிருக்கவில்லை. கேட்டது அவருக்கு; எழுத வேண்டியது எங்களுக்கு. நாளைக்கு உங்கள் தாளைப் பார்த்து வாசிக்கப்போகிறவர் டீ குடித்துவிட்டுத்தான் வருவார். சட்டம், உடம்பு என்ற பக்கத்தை நான் பேசவில்லை. அது உங்களுக்கே தெரியும்.

இனி மேடை. பலரும் பேசத் தயங்கும் ஒன்றை முதலில் சொல்கிறேன்: ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் மனநிலையை மாற்ற எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கிளப்பிவிடும் சரக்கு இல்லை, அடக்கிவைக்கும் மாத்திரை. 1987-ல் அமெரிக்காவின் 48 ஆர்கெஸ்ட்ராக்களில் 2,212 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 27 சதவீதம் பேர் பீட்டா பிளாக்கர் எடுத்திருப்பதாகச் சொன்னார்கள். புரோப்ரனலால்தான் அதில் பிரபலம். இதயத்துக்கான மருந்து, படபடப்பையும் கைநடுக்கத்தையும் குறைக்கும். வயலின்காரனுக்கு நடுக்கம் என்றால் மெதுவாக இழுக்கும் வில் தந்தியில் துள்ளும், ஊருக்கே கேட்கும். ஆனால் ஆஸ்துமா இருப்பவர் இதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் வாங்கிப் போட்டால் மூச்சு அடைத்துக்கொள்ளலாம். டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. நான் இரண்டு முறை டாக்டர் சொல்லி எடுத்திருக்கிறேன். கை நின்றது, பயம் அப்படியே இருந்தது. பிறகு விட்டுவிட்டேன்.

மாத்திரை இல்லாமல் தானாக வரும் தன்னை மறந்த நிலை உண்டா? உண்டு. ஆனால் தனியாக வாசிப்பவருக்கு வருவதும் வரிசையில் வாசிப்பவருக்கு வருவதும் ஒன்றில்லை. 2008-ல் ஆறு ஜாஸ் பியானோக்காரர்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து மனோதர்மமாக வாசிக்கச் சொன்னார்கள். தன்னைத் தானே கண்காணிக்கும் மூளைப் பகுதி அடங்கியது தெரிந்தது. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் அவர்கள் வாசித்தது கற்பனை; எங்கள் முன்னால் இருப்பது அச்சடித்த பார்ட், அதாவது அவரவர் வாத்தியத்துக்கு மட்டுமான தாள். அதை அப்படியே எங்களுக்குப் பொருத்துவது தவறு. மேலும் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறவரைக் காதால் கேட்டு வாசித்தால், நீங்கள் நொடியில் முப்பதில் ஒரு பங்கு பிந்திவிடுவீர்கள். அதனால் முன்வரிசையின் வில் நுனியைக் கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கராயன் என்ற புகழ்பெற்ற கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஆர்கெஸ்ட்ராவை நடத்துவார். அது அவருக்குக் கட்டுப்படியாகும், எனக்கு ஆகாது.

அனுபவத்தில் பட்டதுதான். செக் இசையமைப்பாளர் டிவோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்ஃபொனியில் முதல் பகுதி முடிந்த வேகத்தில் ஒரு தடவை கிறங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பகுதி தொடங்கி, பித்தளை வாத்தியங்கள் அந்த கார்டுகளை வரிசையாக விட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்து ஸ்ட்ரிங்ஸ் மியூட் (ஒலியை மழுக்கும் சிறு கருவி) மாட்டிக்கொண்டு மெல்ல நுழைய வேண்டும். எல்லார் வயலினும் போர்வைக்குள்ளிருந்து பேச, என்னுடையது மட்டும் பளீரென்று தெருவில் நின்று கத்தியது. பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார். மியூட் என் தந்தியின் கீழ்ப்பக்கம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பரவசத்தின் கணக்கில் எழுத வேண்டிய சுரம் அது.

ஆனால் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் ஆறாம் சிம்ஃபொனி 1893 அக்டோபரில் அரங்கேறியது; ஒன்பது நாளில் அவர் இறந்துபோனார். அதன் கடைசிப் பகுதி ஒரு அழுகிற மெட்டில் தொடங்கும். அந்த மெட்டை வாசிக்கிறவர் யாரும் இல்லை. ஒரு சுரம் முதல் வயலினில், அடுத்தது இரண்டாம் வயலினில் என்று மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார். வீட்டில் என் பார்ட்டைத் தனியாக வாசித்தபோது நொண்டிக் கோழி குதிப்பது போலிருந்தது. தப்பான தாளை அனுப்பிவிட்டார்களோ என்று கூட நினைத்தேன். ஒத்திகையில் இரண்டு வரிசையும் சேர்ந்த நொடியில் மெட்டு அறை நடுவில் எழுந்து நின்றது. அதை நான் வாசிக்கவில்லை, எதிரில் இருந்தவரும் வாசிக்கவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சுருதிகளை ஒன்றாகக் கோத்துக்கொள்வது காதின் சுபாவம். சைகோவ்ஸ்கி அதை நம்பி எழுதினார். கண் திறந்திருந்தது, பார் எண்ணிக்கொண்டிருந்தேன், வில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது; ஆனால் இதில் என் பங்கு எது என்ற நினைப்பு மட்டும் காணாமல் போயிருந்தது. இதற்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று தோன்றியது. அந்த நிலை இருபது வருடத்தில் ஏழெட்டு தடவை வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் விரலுக்கு முழுக்கத் தெரிந்த இசையில்தான் வந்தது.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். முதல் வயலினை இடப்பக்கமும் இரண்டாம் வயலினை வலப்பக்கமும் உட்காரவைத்த ஆறாம் சிம்ஃபொனி ஒலிப்பதிவு ஒன்றைத் தேடி, கடைசிப் பகுதியின் அந்தத் தொடக்கத்தை ஹெட்போனில் இரண்டு காதிலும் ஒரு முறை, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒரு முறை கேளுங்கள். பிறகு உங்கள் மெட்டு ஒன்றை அதே மாதிரி இரண்டு ட்ராக்காகப் பிரித்து எழுதிப் பாருங்கள். ராத்திரி எழுதியதைக் காலையில் போட்டுக் கேளுங்கள். எந்த பாரில் இடித்தது என்று இங்கேயே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.